கவசத்துக்குள் இருந்த மனிதன்

மாண்டவர்களைக் குறித்துப் பேசும்போது நம்மிடம் ஒரு பலவீனம் தலைகாட்டுகிறது. விரும்பியவரை வானளாவ உயர்த்துகிறோம். வெறுத்தவரைப் பாதாளத்தில் தள்ளுகிறோம். அந்த மனிதர் உண்மையில் யார் என்னும் கேள்வி மட்டும் கேட்பாரற்று நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பேர்போன கொள்ளையன் நெட் கெல்லிக்கும் இதுவே நேர்ந்தது. 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவனுக்கு ஏறத்தாழ 25 வயது. இன்றும் சிலர் அவனை ஏழைகளின் காவலன் என்கிறார்கள். சிலர் கொலைபாதகன் என்கிறார்கள். கதை எது, உண்மை எது என்று சற்றே பிரித்துப் பார்ப்போம்.

அவன் தந்தை ஜான் கெல்லி, அயர்லாந்தின் டிப்பரரி பகுதியைச் சேர்ந்தவர். இரண்டு பன்றிகளைத் திருடிய குற்றத்திற்காக, இன்று தாஸ்மானியா எனப்படும் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். 1866இல் அவர் இறந்தபோது, சிறுவனான நெட்டின் தோள்மீது குடும்பச் சுமை ஏறியது. அதற்குச் சிறிது காலம் முன்னர், ஏவனல் என்னும் ஊரின் ஓடையில் மூழ்கவிருந்த ஒரு சிறுவனை அவன் காப்பாற்றினான். அச்சிறுவனின் பெற்றோர் பொன்னிற ஓரம் வைத்த பச்சைப் பட்டுக்கச்சை ஒன்றை அவனுக்குப் பரிசளித்தனர். இது கதையன்று. இரத்தக் கறை படிந்த அக்கச்சை பெனல்லா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அக்குடும்பத்தின் மனக்குறைக்கும் காரணம் இருந்தது. 1878 ஏப்ரலில் நெட்டின் தம்பி டானைக் கைது செய்ய ஒரு காவலர் அவர்கள் வீட்டுக்குத் தனியே சென்றார். அங்கு நிகழ்ந்த கைகலப்பில் தம்மைக் கொல்ல முயன்றதாக அவர் குற்றஞ்சாட்டினார். கைக்குழந்தையோடிருந்த தாய் எல்லன் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அக்காவலரோ 1880இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1881இல் விசாரணை நடத்திய அரசு ஆணையமும் காவல்துறையின் குறைகளைக் கண்டித்தது. ஆகவே, கெல்லி குடும்பத்தார் சொன்னதெல்லாம் புனைவு என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆயினும் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி, அவர் பிறருக்கு இழைத்த அநீதியை அழித்துவிடுமா? 1878 அக்டோபர் 26 அன்று ஸ்டிரிங்கிபார்க் ஓடையருகே, கெல்லி சகோதரர்களைத் தேடிச் சென்ற காவலர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் என்பன அவர்தம் பெயர்கள். மூவருமே அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஆங்கிலேய ஆதிக்கத்தை எதிர்த்த ஐரிஷ் வீரனின் கதையாக இதைச் சொல்வோர் இதனை மறந்துவிடுகிறார்கள். தற்காப்புக்காகவே சுட்டதாகக் கெல்லி கூறினான். உயிர்தப்பிய காவலர் மக்கின்டயர் அதனை மறுத்துச் சாட்சி சொன்னார்.

எஞ்சிய கதைகளையும் காண்போம். யூரோவா, ஜெரில்டரி என்னும் ஊர்களில் வங்கிகளைக் கொள்ளையிட்டு ஏழைகளுக்கு வாரி வழங்கினான் என்பர். பணம் பெரிதும் போய்ச் சேர்ந்தது உறவினர்க்கும் ஆதரவாளர்க்குமே. தனிக் குடியரசு ஒன்றை நிறுவ அவன் சாசனம் எழுதியதாகவும் சொல்வர். அத்தகைய சாசனம் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. கைக்குக் கிடைத்திருப்பது அவன் சொல்லச் சொல்ல ஜோ பைர்ன் எழுதிய ஜெரில்டரி மடல். ஏறத்தாழ 8,000 சொற்கள் கொண்ட அம்மடலில் ஆத்திரமும் நையாண்டியும் வேதனையும் கலந்து கொப்பளிக்கின்றன. அவனுடைய இறுதிச் சொற்களாக உலகறிந்தவையும் ஐயத்துக்குரியவை. அருகிருந்த செய்தியாளர்களே வெவ்வேறு விதமாக எழுதினர். தீர்ப்பளித்த நீதிபதி ரெட்மண்ட் பாரி, தூக்கு நிறைவேறிய பன்னிரண்டாம் நாள் இறந்தது உண்மை. அதனைச் சாபத்தின் பலன் என்பது மக்களின் கற்பனை.

கிளென்ரோவன் ஊரில் 1880 ஜூன் 28 அன்று நடந்ததே யாவரும் அறிந்த காட்சி. கலப்பையின் இரும்புப் பலகைகளால் செய்த, சுமார் 44 கிலோ எடையுள்ள கவசம் பூண்டு கெல்லி வெளிப்பட்டான். ஓவியர்களும் திரைப்படக் கலைஞர்களும் அக்கவசத்தை மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அவன் தண்டவாளங்களைப் பெயர்த்து, காவலர் வரும் இரயிலைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தான். கர்னோ என்னும் பள்ளி ஆசிரியர் மெழுகுவர்த்தியும் சிவப்புத் துணியும் கொண்டு இரயிலை நிறுத்தியிராவிடில் எத்தனை உயிர்கள் போயிருக்கும்! காவலரும் குற்றமற்றவரல்லர். பிணையாளிகள் நிறைந்த விடுதிமீது அவர்கள் பொழிந்த குண்டுகள், விடுதிக்காரியின் 13 வயது மகனையும் பலிகொண்டன.

அங்கே நம் உள்ளத்தைத் தொடுபவர் வேறொருவர். பெர்த் மறைமாவட்டத்தின் முதன்மைக் குரு மத்தேயு கிப்னி, இரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தவர், செய்தியறிந்து அங்கே இறங்கினார். குண்டுக் காயங்களோடு கிடந்த கெல்லியின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு நோயில்பூசுதல் வழங்கினார். பின்னர், காவலர் தீயிட்ட விடுதிக்குள் எவரேனும் உயிரோடிருப்பரோ எனத் தனியே நுழைந்தார். உள்ளே சடலங்களையே கண்டார். பிற்காலத்தில் அவர் பெர்த் ஆயரானார். கிடந்தவன் வீரனா, பாதகனா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. கொலையை நியாயப்படுத்தவும் இல்லை. காயப்பட்ட மனிதன் ஒருவனைக் கண்டார். தம் கடமையைச் செய்தார்.

கெல்லியின் எலும்புகள் 2011இல் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டன. மண்டையோடு பெரும்பாலும் கிடைக்கவில்லை. 2013 ஜனவரியில் வாங்கரட்டா ஆலயத்தில் அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டு, கிரெட்டா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடைபெற்றது. அது முறையே. அதே வேளையில், மான்ஸ்ஃபீல்ட் நகரில் அந்த மூன்று காவலர்க்கும் 1880இலேயே எழுப்பப்பட்ட நினைவுத்தூணும் நிற்கிறது. கெல்லியைப் பாடியவர்களில் எத்தனை பேர் அதன்மீதுள்ள பெயர்களை வாசித்திருப்பார்கள்?

இறந்தோருக்காகச் செபிக்கும் நாம், அவர்களைப் பற்றிய உண்மையையும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஓடையில் மூழ்கிய சிறுவனைக் காத்த கையும், ஓடைக்கரையில் துப்பாக்கி ஏந்திய கையும் ஒரே மனிதனுடையவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அவனுக்கும் நீதியன்று, அவனால் விதவையான பெண்களுக்கும் நீதியன்று.