பாய்லரின் முள் ஏன் இறங்குகிறது?

பிரிட்டனில் வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுப் பாய்லர்களில் பெரும்பாலானவை இன்று மூடிய சுற்று முறையில் இயங்குபவை. பாய்லரில் சூடாகும் நீரைப் பம்பு அறைக்கு அறை தள்ளுகிறது. ரேடியேட்டர்களில் வெப்பத்தை விட்டுவிட்டு அந்த நீர் பாய்லருக்கே திரும்புகிறது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் வெந்நீர் வேறு. அது இதில் கலப்பதில்லை. ஆகவே ஒருமுறை நிரப்பிய நீர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தமானியின் முள் அடிக்கடி இறங்கினால், நீர் எங்கோ வெளியேறுகிறது.

பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். 1 பார் அழுத்தம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். மாடியறை ரேடியேட்டருக்கு அது போதும். சூடேறும்போது முள் 2 பாரை நெருங்குவது இயல்பே. 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே விடும். அரை பாருக்குக் கீழே போனால் பல பாய்லர்கள் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும்.

நின்ற பாய்லரை ஓடவைப்பது எளிது. அதன் அடியில் உலோகப் பின்னல் போர்த்திய நிரப்புக் குழாய் ஒன்று இருக்கும். அதன் வால்வுகளை மெல்லத் திறந்தால் முள் ஏறும், 1.2 பார் வந்ததும் மூடிவிடலாம். இந்த எளிமைதான் ஆபத்து. புதிதாக வரும் குழாய்நீர் ஆக்சிஜனைக் கூடவே கொண்டுவருகிறது. அது எஃகு ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரிக்கிறது. அரித்தது கரிய சேறாகப் படிகிறது. துருவைத் தடுக்கக் கலந்த மருந்தும் நீர்த்துப்போகிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை நிரப்பினால் கவலையில்லை. வாரந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

தேடலின் முதல் படி, முள் எப்போது இறங்குகிறது என்று கவனிப்பது. ரேடியேட்டரிலிருந்து காற்றை வெளியேற்றிய பின் இறங்கினால் அது பழுதல்ல. வெளியேறிய காற்றின் இடத்தை ஈடுகட்ட நீர் விட்டால் போதும். பாய்லர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சீராக இறங்கினால் கசிவு. சூட்டில் 3 பார் வரை எகிறி, ஆறியதும் பூஜ்யத்தருகே விழுந்தால், சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக்கலத்தில் பழுது.

கசிவைத் தேடத் தக்க நேரம், பாய்லர் இன்னும் ஓடத் தொடங்காத காலைப்பொழுது. சூடான குழாயில் கசியும் துளி கீழே விழுமுன் ஆவியாகிவிடும். உலோகம் விரிவதால் சில கசிவுகள் சூட்டில் தாமே அடைபடும். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வையும் உலர்ந்த காகிதத்தால் சுற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் நனையாவிட்டாலும் நட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அங்கே நீர் கசிந்து காய்ந்திருக்கிறது. வால்வின் தண்டைச் சுற்றியுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பல கசிவுகள் நின்றுவிடும்.

விரிவுக்கலத்தின் கதை வேறு. 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியசுக்குச் சூடாகும் 100 லிட்டர் நீர் ஏறத்தாழ 3 லிட்டர் கூடுகிறது. அந்த 3 லிட்டருக்கு இடம் தருவதே இந்த எஃகுக் கலம். உள்ளே ரப்பர்ச் சவ்வு ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒருபுறம் நீர், மறுபுறம் காற்று. நீர் விரியும்போது காற்று சுருங்கி இடம்விடும். காலப்போக்கில் காற்று குறைந்துவிட்டால் விரியும் நீருக்குப் போக்கிடம் இல்லை. முள் எகிறும், பாதுகாப்பு வால்வு திறக்கும், நீர் வெளியேறும். ஆறியதும் முள் விழும்.

கலத்தின் காற்றுவாய் கார் டயரில் இருப்பதே. அதன் நடு ஊசியை அழுத்தினால் காற்று சீறி வர வேண்டும். நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. கலத்தையே மாற்ற வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் காற்று தீர்ந்திருக்கிறது. சுற்றின் நீரழுத்தத்தை முழுவதும் இறக்கி, வடிகாலைத் திறந்து வைத்தபடி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். பொதுவாக அது 0.75 முதல் 1 பார். நீரழுத்தம் இருக்கும்போது அளந்தால் கணக்கு தவறும்.

இதோடு வேலை முடிவதில்லை. ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வின் இருக்கையில் தூசு சிக்கி, அது சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கக்கூடும். காற்றடித்த பின்னும் முள் இறங்குவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. வால்விலிருந்து செல்லும் செப்புக் குழாயின் முனை வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் அதில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்தால், காலையில் உண்மை பைக்குள் இருக்கும்.

வெளியே எதுவும் தென்படாதபோது, பழுது பாய்லருக்குள்ளா வீட்டுக்குள்ளா என்று பிரித்தறிய வேண்டும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதன் அடியில் சூட்டுநீர் போகும் வால்வையும் திரும்பும் வால்வையும் இரவு முழுவதும் மூடி வைக்கலாம். காலையில் முள் இறங்கியிருந்தால் பழுது பாய்லருக்குள். அங்கே வெப்பமாற்றியில் விரிசல் விழுந்தால், புகையின் ஈரம் வடியும் குழாயிலேயே சுற்றின் நீரும் சேர்ந்து போய்விடுவதால் ஒரு துளிகூடக் கண்ணில் படாது. பாய்லர் பல மணி நேரம் நின்ற பிறகும் அந்தக் குழாய் சொட்டினால் சந்தேகம் வலுக்கிறது. முள் அசையாமல் நின்று, வால்வுகளைத் திறந்ததும் இறங்கத் தொடங்கினால் குற்றவாளி குழாய்களே. உறையின்றிக் கான்கிரீட்டில் புதைத்த செப்புக் குழாய்கள் அரிபடுவது இங்கு வழக்கமான காரணம். வெப்பப்படக் கருவியோ, குழாயில் செலுத்தும் ஹைட்ரஜன்-நைட்ரஜன் கலவையோ, தரையை உடைக்காமலே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முள்ளைப் படிப்பதும், நீர் நிரப்புவதும், ரேடியேட்டர் வால்வை இறுக்குவதும் வீட்டுக்காரரின் வேலை. பாய்லரின் மூடியைத் திறப்பது கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவரின் வேலை; 2009 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனில் எரிவாயுப் பணியாளரைப் பதிவு செய்வது இந்தப் பதிவேடுதான். பழுது நீங்கியதும் துருத்தடுப்பு மருந்தை மீண்டும் சேர்த்து, தனியாகக் கழற்றக்கூடிய நிரப்புக் குழாயைக் கழற்றி வைக்க வேண்டும். ரேடியேட்டர் நீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கிப் போகாதிருக்க அதுவே வழி. பிறகு சில வாரங்களுக்குத் தேதியையும், ஆறிய நிலையில் முள் காட்டும் அளவையும் குறித்துவந்தால் போதும். அளவு மாறாதிருந்தால் பழுது தீர்ந்தது.