பாம்புக்கு ஏற்ற மனை

விழுப்புரத்துக் கரும்புத் தோட்டங்களிலும் திண்டிவனத்து மல்லாட்டைக் கொல்லைகளிலும் பாம்புக்கு அஞ்சாது அடிவைக்கும் உழவர் அரியர். அத்தகைய சீமையிற் பிறந்த எமக்குப் பாம்பை அடிக்கும் வகையைக் கற்பித்தோர் பலர். வைத்துக் காக்கும் வகையைச் சொன்னார் ஒருவருமிலர். அதனை அறிய விழைந்து, அன்பர் சிலருடன் திண்டிவனத்தினின்று மரக்காணம் சென்று, கடலோரச் சாலைவழியே வடக்கு நோக்கி வடநெம்மேலியை அடைந்தோம். ஆங்கு முதலைப் பண்ணையில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உளது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பாம்புத்தோல் வாணிகம் ஒடுங்க, அதனையே நம்பியிருந்த இருளர் பிழைப்பின்றி வாடினர். 1978-இல் தோன்றிய இச்சங்கம், தோலை விடுத்து நஞ்சை விற்க அவர்கட்கு வழி செய்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சே கடிமருந்துக்கு மூலம். பாம்பு நலிந்தாலோ, சட்டப்படி அதனை நலமாய்க் காட்டில் விடுதலும் இயலாது. இருளர் தொழிலுக்கும் இடையூறாம். ஆகவே மனைக்குரிய பொருளைத் தேர்தல் சிறு காரியமன்று.

அவர்கள் தேர்ந்தது மண்பானை. அடியில் மணல் பரப்பி, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் இறுகக் கட்டுகின்றனர், அவ்வளவே! பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வல்லதன்று. சூழலின் வெப்பமே அதன் வெப்பம். எம் நாட்டுச் சித்திரை வெயிலிற் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். கம்பி வலையில் மூக்கை உராய்ந்து புண்ணாக்கிக்கொள்ளும். சொரசொரத்த சிமிட்டித் தளம் வயிற்றுச் செதிலைத் தேய்க்கும். மரப்பெட்டியோ ஈரத்தில் உப்பும். அதன் இடுக்கிலே உண்ணி குடிபுகும். நுண்துளை மலிந்த மட்கலம் நீரைக் கசியவிட்டுத் தண்மை தருகிறது. உள்ளிருளோ வளையை ஒத்திருத்தலின் பாம்பு அடங்கிக் கிடக்கிறது.

“பிளாஸ்டிக் வாளி உடையாதே, அதிலே வைக்கலாகாதா?” என்று எம்முள் ஒருவர் வினவினார்.

“அதிலே புழுங்கிப் போகுமுங்க ஐயா. பானைக்கு உடம்பெல்லாம் மூச்சு,” என்றார் முதிய இருளர் ஒருவர். பெளதிக நூல் பல பக்கங்களில் விரிப்பதை அவர் மூன்று சொல்லில் முடித்தது எமக்கு வியப்பே.

ஆயினும் பானை நெடுநாள் வாழ்வதற்குரிய இல்லமன்று. நிமிர்ந்து ஊர இடமில்லை. சில வாரங்கள் தங்கும் சத்திரமாகவே அது பொருந்தும். காட்சிசாலையிற் பல்லாண்டு வைப்பதாயின் மண்தரையும், கல்லிடுக்கும், நிழலும், வெயில் காயும் இடமும் வேண்டும். இங்கோ, சில முறை நஞ்செடுத்தபின், அடிச்செதிலில் அடையாளமிட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகின்றனர்.