வடக்கு மேலே இல்லை

இலங்கையின் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் நாலாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் வடக்கு எங்கே என்று கேட்டு, அவன் கூரைத் தகரத்தை நோக்கி விரலை உயர்த்தினால், தயவுசெய்து அவனை அதட்ட வேண்டாம். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் பருத்தித்துறை உச்சியிலும் மாத்தறை அடியிலும் இருக்கக் கண்டு வளரும் பிள்ளை, வடக்கு என்பது ஆகாயம், தெற்கு என்பது தரை என்று முடிவுகட்டுவது தர்க்க சாஸ்திரத்துக்கு முற்றிலும் இசைந்த அனுமானமேயாகும். குற்றம் படத்தை மாட்டிய ஆணியுடையது.

அதே பிள்ளையிடம் ஒரு தாளையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, "உன் ஊரை வரை, தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். திசைகளைப் பற்றி லவலேசமும் கவலைப்படாமல், தாளின் உச்சியில் சிவனொளிபாதமலையை முக்கோணமாக நிறுத்துவான். அதன் மேனியில் படிகளைக் கோடுகோடாக ஏற்றி, யாத்திரைச் சீசன் காலத்து விளக்குகளை மஞ்சள் புள்ளிகளாக வைப்பான். நடுவே ஒரே நீளக் கூரையும் வரிசைக் கதவுகளுமாகத் தோட்டத் தொழிலாளர் லயம். கொஞ்சம் தள்ளிக் கோயிலும் கொழுந்து ஸ்டோரும். இடப்பக்க அடிமூலையில் மவுசாகலை நீர்த்தேக்கம். மலை ஊருக்குத் தென்மேற்கே இருப்பதால் அவன் படத்துக்குத் தென்மேற்கே தலைமாடு. வடக்குக் குறியை முறைப்படி போட்டால் அது வலப்பக்க அடிமூலையை நோக்கிச் சாய்ந்து நிற்கும். இதைப் பிழையென்று சிவப்பு மையால் கீறுகிறவர்கள், சிசிலியை ஆண்ட ரோஜர் மன்னனுக்காக 1154-ல் அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர் ஆக்கிய உலகப்படத்தில் தெற்கே மேலாக இருந்ததையும், ஐரோப்பிய மடாலயங்களின் பழைய படங்கள் பலவற்றில் கிழக்குக்கே அந்த ஸ்தானம் அளிக்கப்பட்டதையும் நினைவில் கொள்வது நலம்.

திசை கற்பிப்பது பற்றி, தத்துவஞானி ரூஸோ 1762-ல் வெளியிட்ட 'எமில்' என்ற நூலில் வரும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிரியமானது. மொன்மொரென்ஸி என்ற ஊருக்கு வடக்கே ஒரு காடு. திசையறிவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்ட சிறுவன் எமிலுக்கு அன்று விடை சொல்லாத ஆசிரியர், மறுநாள் அவனை அக்காட்டுக்கு அழைத்துப்போய், வழிதவறியவராகப் பாசாங்கு செய்கிறார். பசி, தாகம், களைப்பு, பையன் அழுகிறான். ஆசிரியரோ நிதானமாக உடன் உட்கார்ந்து, நேரம் என்ன என்று கேட்கிறார். நடுப்பகல். நடுப்பகலில் நிழல் வடக்கே விழும். காடு ஊருக்கு வடக்கே. ஆகவே ஊர் நிழலுக்கு எதிர்ப்பக்கம். அப்படியே நடந்து ஊரைக் கண்டதும், வான சாஸ்திரமும் ஒன்றுக்கு உதவுகிறதென்று பையன் கைகொட்டி ஆரவாரிக்கிறான்.

அருமையான வித்தைதான், ஆனால் நல்லதண்ணிக்கு இறக்குமதி செய்யத் தகாதது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்கும் சற்றுக் குறைவாக அமைந்த இவ்வூரில், ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கிச் செப்டெம்பர் முதல் வாரம்வரை நடுப்பகற் சூரியன் உச்சந்தலைக்கு வடக்கே நிற்க, நிழல் தெற்கே விழுகிறது. எமில் இங்கே ஆடி மாதத்தில் வழிதவறியிருந்தால், சாப்பாட்டுக்கு நேர் எதிர்த்திசையில் உற்சாகமாக நடந்திருப்பான். அதுவும் நிழல் விழ வெயில் இருந்தாலல்லவா? தென்மேற்குப் பருவமழை அந்த மாதங்களில் மலையையே மூடிவிடும். உதயசூரியனைப் பார்த்துக் கைகளை விரித்து நிற்கும் பாடப்புத்தகப் பையன்கூட, யாத்திரை தொடங்கும் டிசம்பரில் நேர்கிழக்கிலிருந்து 23 பாகை தெற்கே திரும்பித்தான் நிற்கிறான். அசையாதிருப்பது மலை ஒன்றே. அது எந்தப் பக்கம் என்பது மூடுபனியிலும் பிள்ளைக்குத் தெரியும்.

ஆதலால் உபாத்தியாயர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். பிள்ளை வரைந்த தாளை முற்றத்துத் தரையில் வைத்து, தாளிலுள்ள மலை மெய்யான மலையைப் பார்க்கும்வரை அவனையே திருப்பச் சொல்லுங்கள்; பிறகு திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து, வடக்குக் குறியை அவன் கையாலேயே போடச் செய்யுங்கள். அதன்பின் தேசப்படத்தைக் கழற்றி வந்து அருகே விரித்து, இரண்டு வடக்கும் ஒருமுகமாகும்படி சுழற்றுங்கள். அரை மணி நேரத்து வேலை. செலவு ஒரு காந்த ஊசி.