ஐயா கட்டிய பாத்ரூம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குள் நுழைந்தால் ஒரு வீட்டின் எந்த உறுப்பும் கிடைக்கும். கதவு, தூண், பீங்கான் ஸ்விட்ச், எனாமல் தூக்குவாளி, பித்தளைக் குழாய்... வீடு மட்டும் கிடைக்காது. அதை இடித்துத்தானே இதெல்லாம் வந்திருக்கிறது!

நானும் ஆபீஸ் நண்பனும் போனது ஒரே ஒரு குழாய்க்காக. பக்கத்துக் கிராமத்தில் அவன் பூர்வீக வீடு. அவனுடைய ஐயா (அப்பாவின் அப்பா) 1950-களில் அங்கே ஒரு பாத்ரூமும் புது அடுப்பங்கரையும் சேர்த்தார். 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததோடு பர்மா வரவு ஆட்டம் கண்டிருந்த காலம். அரண்மனை கட்ட வழியில்லை, பாத்ரூம் கட்டினார்.

இப்போது வீட்டுக்குப் பங்காளிகள் ஏழு பேர். ஆறு பேர் 'எல்லாத்தையும் பேத்துட்டு டைல்ஸ் ஒட்டு' கட்சி. இவன் ஒருவன் எதிர்க்கட்சி. பொங்கலுக்குள் பாத்ரூம் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் கொத்தனார் வருவார் என்று கெடு.

கடைக்காரர் பித்தளைக் குவியலைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "எந்த ஊரு தம்பி?"

சொன்னான்.

"வீட்ல எத்தனை தூண்? பர்மா தேக்கா?"

"குழாய் விலையைச் சொல்லுங்கண்ணே" என்றான் நண்பன் அவசரமாக.

கிடைத்த குழாய் நல்ல கனம். அதன் அரை இஞ்சு மரையும் இன்றைக்குக் கடையில் விற்கிற பைப்பின் மரையும் ஒன்றேதான். வெள்ளைக்காரன் காலத்து அளவை நாம் மாற்றவே இல்லை. புளி போட்டுத் தேய்த்து, வாஷர் மாற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் தீர்ந்தது. (நிக்கல், குரோமியம் முலாம் பூசிய குழாயில் புளியைக் கொண்டு போகாதீர்கள்.) சுவருக்குள் துருப்பிடித்த இரும்புப் பைப்பை மட்டும் இரக்கமில்லாமல் மாற்றிவிட வேண்டும். அதைப் பழமை என்று கொஞ்சுகிறவர்கள் அந்தத் தண்ணீரில் ஒரு நாள் குளித்துப் பார்க்கட்டும்.

உண்மையான கதாநாயகன் மேலே இருந்தது. ஆளுயரத்துக்கு மேல், சங்கிலி தொங்கும் வார்ப்பிரும்பு ஃப்ளஷ் டாங்க். பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே மணி மாதிரி ஒரு கனத்த இரும்புக் கூடு. சங்கிலியை இழுத்தால் எழும்பும். விட்டால் தொப்பென்று விழுந்து, தண்ணீரை நடுக்குழாயின் வாய்க்கு மேலே தள்ளும். பிறகு சைஃபன்தான், மிச்சத் தண்ணீர் தானாகப் பின்தொடர்ந்து இறங்கும். தண்ணீரை அடைத்து நிறுத்த அடியில் ரப்பர் கிடையாது. ரப்பர் இல்லாததால் அது தேய்ந்து ஒழுகுவதும் கிடையாது. நான் பி.காம். எனக்கே புரிந்தது.

"டாங்க்கே போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று முன்பு ஒரு பிளம்பர் தீர்ப்பெழுதியிருந்தாராம். போயிருந்தது தண்ணீர் உள்ளே வரும் மிதவை வால்வின் வாஷர் ஒன்று. ஒரு டீ, வடை காசு.

அடுப்பங்கரையில்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. யாரோ புண்ணியவான் ஆத்தங்குடிக் கல் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்ததல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைப்பது. ஆசிட் பட்டால் மேல் பூச்சை அரித்துவிடும். நடந்து நடந்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு ஏறும். போன பூ திரும்பாது. ஆத்தங்குடியில் இன்றும் கையால் வார்க்கிறார்கள். புதுக் கல் வாங்கிப் பதிக்கலாம், ஆனால் பக்கத்துப் பழைய கல்லின் நிறத்தோடு சேர வருஷக்கணக்காகும்.

ஒரு விஷயத்தில் ஆறு பேர் கட்சிக்கே என் ஓட்டு. வீட்டில் இருக்கும் ஆச்சிக்கு எண்பது வயது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. பழைய பாத்ரூமைத் தொடாமல் பக்கத்து அறையில் புது வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கச் சொன்னேன். வைத்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கோலாலம்பூரிலிருந்து பெரியப்பா போன்.

"என்னப்பா, இடிச்சாச்சா?"

நண்பன் பதில் சொல்லவில்லை. செல்போனை டாங்க் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சங்கிலியை இழுத்து விட்டான்.

"அடேய், அது எங்க அப்பச்சி வச்ச டாங்க்கில்ல?" என்றது போன்.