கைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல..!

பிரேக் பிடிக்கலையா, ஹேண்ட் பிரேக் இருக்கு. இன்ஜின் நின்னுபோச்சா, இறங்கித் தள்ளலாம். ஓடுற கார்ல ஸ்டீயரிங் ஷாஃப்ட் கழண்டுக்கிட்டா? ஸாரி பாஸ்... அதுக்கு மாற்று ஏற்பாடே கிடையாது!

கடத்தூர்ல எங்க மாமா ஒரு அம்பாசடர் வெச்சிருக்கார். பவர் ஸ்டீயரிங் வண்டி. பொண்ணு, மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு தர்மபுரி - சேலம் ரோட்டுல தொப்பூர் கணவாயை எத்தனையோ தடவை இறங்கின வண்டி. போன வருஷம் அதோட ஸ்டீயரிங் பம்ப் ஒழுக ஆரம்பிச்சது. உத்தரப்பாரா ஃபேக்டரியில 2014-லேயே அம்பாசடர் தயாரிப்பு நின்னாச்சு. பார்ட்ஸுக்கு அலையணும். 'பவரே வேணாம் மாப்ளே, சாதா ஸ்டீயரிங்கா மாத்திடலாம்'னு மாமா முடிவு பண்ணிட்டார். மெக்கானிக்கல் படிக்கிற நான்தான் எடுபிடி!

சாதா ரேக்கை மாட்டியாச்சு. ஆனா, ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை ரேக்கோட பினியன்ல சேர்க்கிற கப்ளிங் உள்ளே நுழையவே மாட்டேங்குது. பினியன் தடிமனும் வேற, அதுல வெட்டியிருக்கிற பல் எண்ணிக்கையும் வேற. 'ஒரு பைப்பை நுழைச்சு வெல்டிங் வெச்சிடுப்பா'ன்னார் மாமா. மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டார். 'வேணாங்க. வெல்டிங் விட்டுச்சுன்னா உங்க கையில வெறும் வளையம்தான் மிஞ்சும்.'

முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் பாக்கி. வாங்கின அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டியதாப் போச்சு. மாமா ஒரு வாரம் யாரோடவும் பேசலை. நானும் அண்ணனும் சேலத்துல அலைஞ்சு, மேலே ஷாஃப்ட்டுக்கும் கீழே பினியனுக்கும் பல் பொருந்துற மாதிரி யுனிவர்சல் ஜாயின்ட் வாங்கிட்டு வந்தோம்.

பாடப் புத்தகத்துல வெறும் ஃபார்முலாவா இருந்தது அன்னிக்குத்தான் புரிஞ்சது. ஒரே ஒரு ஜாயின்ட், அதுவும் 30 டிகிரி மடங்கி நின்னா, நீங்க சீராத் திருப்பினாலும் மறுமுனை சீராச் சுத்தாது. ஒரே சுத்துக்குள்ள 13 சதவிகிதம் வரை மெதுவாகும், 15 சதவிகிதம் வரை வேகமாகும். வளைவுல வீல் இழுத்து இழுத்து விடும். ரெண்டு ஜாயின்ட் போட்டு, நடு ஷாஃப்ட்டோட ரெண்டு முனைக் கவையும் ஒரே நேரா நின்னு, ரெண்டு பக்கக் கோணமும் சமமா இருந்தா, ஒண்ணோட கோளாறை இன்னொண்ணு சரிக்கட்டிடும்.

அப்புறம் அந்த போல்ட்! ஷாஃப்ட்ல இருக்கிற பள்ளத்துக்குள்ள அது உட்காரணும். அப்பதான் கொஞ்சம் லூஸானாலும் ஷாஃப்ட் உருவிக்காது. ஸ்டீயரிங் இணைப்புகள்ல போல்ட், பின் எல்லாம் கழலாதபடி பூட்டியிருக்கணும், வீல் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 98-வது விதியே இருக்கு.

கடைசியா வண்டியை ஜாக்கியில தூக்கி, ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் இடிக்கலை, இறுகலை. இப்போ நிறுத்தி எடுக்கும்போது மாமாவுக்குத் தோள்பட்டை வலிக்குதாம். வலிக்கட்டும்!

உங்க தாத்தா காரையும் யாராவது இப்படி மாத்தினா, பெயின்ட்டையும் சீட்டையும் அப்புறம் ரசிங்க ஃப்ரெண்ட்ஸ். முதல்ல பானெட்டைத் திறந்து அந்த கப்ளிங்கைப் பாருங்க. வெல்டிங் தழும்பு தெரிஞ்சா... பஸ் பிடிச்சுப் போங்க!