செஞ்சிப் பாறையிலிருந்து மரக்காணம் மணல்வரை: ஒரு மஞ்சள் வழி

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு மலை என்றாலே பச்சைதான். விழுப்புரத்தில் ரயிலைவிட்டு இறங்கிச் செஞ்சிக்குப் பேருந்து ஏறிய பிறகுதான், மண்ணும் மரமும் போர்த்தாமல் வெறும் பாறையாகவும் மலை நிற்கும் என்று கண்டேன். யானை உயரப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க, அவற்றுக்கு மேலே சுமார் 800 அடி உயரத்தில் ராஜகிரிக் கோட்டை. மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பாதி நேரம் குனிந்தே நடந்தேன். பருவமழை ஓய்ந்த தை மாதம். வழியெங்கும் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஆவாரை. ஐந்து இதழ், நடுவே வளைந்த மகரந்தத் தாள்கள். எண்ணி முடித்துவிடலாம், அது ஒரே பூ. அதன் காலடியில் பூத்திருந்த தாத்தாப்பூவின் கணக்கு வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுண்டி விளையாடும் பூதான். வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைப்பதால் வெட்டுக்காயப் பூண்டு என்றும் பெயர். ஒரு தலையைக் கிள்ளி லென்ஸில் பார்த்தேன். நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டம் முழுக்கச் சின்னஞ்சிறு குழல்கள். ஒவ்வொரு குழலும் தனிப் பூ, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நுனி. ஓரத்தில் நாம் இதழ் என்று நினைக்கும் வெளிர்மஞ்சள் துண்டுகளும் தனித்தனிப் பூக்களே. நுனியில் மூன்று வெட்டு. நகத்தளவுத் தலைக்குள் ஒரு கூட்டமே குடியிருக்கிறது.

சூரியகாந்திக் குடும்பத்தின் அடையாளமே இந்தக் கட்டமைப்புதான். உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இந்த ஒரே ஏற்பாட்டில் பூக்கின்றன. அதனால்தான் உறவுக்காரச் செடிகளைப் பூவை வைத்துப் பிரிப்பது இத்தனை கடினம்.

அந்தக் கடினம் முழுதாகப் புரிந்தது திண்டிவனத்துக்கு அருகே, ஓர் ஏரிப்பாசன வரப்பில். இந்த ஊர் பயிர்களை இனம் பிரித்துப் பார்ப்பதில் பழகிய ஊர். வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. நிலக்கடலை விவசாயிகள் சொல்லும் ‘டி.எம்.வி. 7’ என்ற ரகப் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், வாய்க்காலோரம் படர்ந்திருந்த மஞ்சள் பூவைக் காட்டி, “பாட்டி, டவுனுல வேலியோரம் பூத்திருக்கே, அதுதானா இதுவும்?” என்று கேட்டேன்.

“பூவ வெச்சி இன்னா தம்பி தெரியும்? எலயத் தடவிப் பாரு. சொரசொரன்னு ஒல்லியா இருந்தா கரிசாலை. தடியா, பளபளன்னு, வாத்துக்கால் மாதிரி மூணாப் பிரிஞ்சிருந்தா அது அழகுக்கு வெக்கிற செடி.”

தாவரவியல் நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் பாட்டி இரண்டே வரியில் சொல்லிவிட்டார். வரப்பில் இருந்தது மஞ்சள் கரிசலாங்கண்ணி. நீண்ட காம்பில் ஒற்றைப் பூத்தலை, ஒடுங்கிய இலை, விரலில் உரசும் குறுமயிர். கீரையாகச் சமைக்கிறார்கள், காமாலைக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணி இதற்குத் தூரத்து உறவு. அதன் தண்டைக் கசக்கினால் சாறு கறுத்துவிடும். தெற்கே வடலூரில் வள்ளலார் உயர்த்திச் சொன்ன மூலிகைகளில் கரிசலாங்கண்ணிக்குத் தனி இடம் உண்டு.

டவுன் வேலியில் பூத்திருந்தது நெருங்கிய உறவுதான். தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம். நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து தோட்ட அழகுக்காக உலகெங்கும் கொண்டுபோன செடி, இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. விதையைவிடத் தண்டால் பரவுவதுதான் அதற்குப் பலம். வெட்டி வீசிய துண்டு ஈர மண்ணைத் தொட்டால் போதும், கணுவில் வேர்விட்டு, பாய் விரித்துவிடும். கீழே வேறு எதற்கும் இடம் இருக்காது. வேலியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வரப்புக்கும் அதற்கு வழி திறந்தே கிடக்கிறது.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போனால், உப்பளங்களுக்கு அப்பால் கடற்கரை மணலில் இன்னொரு மஞ்சள். எழுத்தாணிப் பூண்டு. தரையோடு தரையாக இலைக்கொத்து. அதிலிருந்து ஓடும் கொடி சற்றுத் தள்ளி வேரூன்றி அடுத்த கொத்தை வைக்கிறது. காம்பைக் கிள்ளினால் பால் வடிகிறது. பூத்தலையில் குழல் பூக்களே இல்லை. எல்லாம் பட்டை பட்டையான பூக்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து பல். தாத்தாப்பூவில் மூன்றாக இருந்த வெட்டு இங்கே ஐந்தாகிவிட்டது. லென்ஸை எடுக்க நான் மண்டியிட்ட நேரத்தில் உப்புக்காற்று மணலை வாரி அந்தச் செடிமேல் போட்டுக்கொண்டே இருந்தது. அதன் வேலையே அந்த மணலைப் பிடித்து நிறுத்துவதுதான்.

பாறை, வரப்பு, வேலி, மணல் என்று ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நான்கு இடம், ஐந்து மஞ்சள். இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செடி எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு இலையைத் தடவுங்கள், காம்பைக் கிள்ளிச் சாற்றைப் பாருங்கள். பூவைக் கடைசியாகப் பாருங்கள். கீரைக்கோ மருந்துக்கோ பறிப்பவர்கள் இந்த வரிசையைத் தவறவிடவே கூடாது. அந்தப் பாட்டியின் விரல்களுக்குத் தெரிந்ததைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வரப்பும் ஒரு காலை நேரமும் போதும். கரிசாலை நிற்கிற வரப்பாக அது இருக்க வேண்டும். வேலிச் செடியை வெட்டுகிறவர்கள் அந்தக் கழிவை வாய்க்காலில் போடாமல் காயவைத்து எரித்தாலே, அந்த வரப்பு பிழைத்துக்கொள்ளும்.