சுண்ணாம்பு டிரம்மும் என் மூத்தவனும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். நான் மூன்றாவதாக ஒன்று சேர்ப்பேன்: ஒன்றரை வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டு வேலை பார்!

1988 பொங்கலுக்கு முந்தைய மார்கழி. கும்பகோணத்துக்கு வெளியே, இலாகாவில் வாங்கிய கடனில் கட்டிய வீடு. கடன் தீர்ந்தது, வீடு தீரவில்லை. அந்தக் காலத்தில் நம்மில் பலரும் செய்ததுதான். கூரை போட்டதும் பாலைக் காய்ச்சிக் குடிபோய்விட்டோம். மீதி வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்துகொள்வேன் என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த கொத்து வேலை, கொத்தனார் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான்.

எனக்குச் சிற்றாளாக வாய்த்தவன் என் மூத்த பையன். கைக்கு எட்டியதை எல்லாம் எங்காவது போட்டு, 'டொப்' என்று சத்தம் வந்தால் கைதட்டிச் சிரிப்பான். கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருந்தோம். அந்தக் கம்பி இடுக்கு அவனுக்கு உண்டியல் மாதிரி. கட்டிங் பிளேயர் போயிற்று. தூக்குக்குண்டு போயிற்று. எதிர்வீட்டில் பாதாளக் கரண்டி கடன் வாங்கி நான் துழாவிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்து என் பீடாப் பொட்டலத்தையும் போட்டான். கூடத்தில் காவி போட்டு இழைத்த சிமெண்ட் தரை ஈரம் காயுமுன் அதில் ஓடி, ஐந்து பாதத்தடம் பதித்தான். அதை எல்லாம் ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். அவன் சேட்டை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஆள் வைத்தால் கூலி. நானே அடிப்பதென்று கல் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அடியில் அடுப்பே இல்லாமல் உலைபோலத் தளதளவென்று கொதிக்கும். அது அடங்கி ஆறிய பிறகு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியும், பளிச்சென்று தெரிய நீலமும் கலந்து, பனைமட்டையை நசுக்கிச் செய்த மட்டையால் அடிக்க வேண்டும்.

பாதியாக வெட்டிய தார் டிரம் ஒன்று கொல்லையில் கிடந்தது. எனக்கு முழங்கால் உயரம். அவனுக்கு மார்பளவு.

"என்னங்க, அந்தப் பலகையை எடுத்து மூடி வைங்க" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"கொதி அடங்கட்டும், மூடலாம்" என்றேன். பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாசலில் தச்சர் வந்து பாக்கிப் பணத்துக்காகக் கூப்பிட்டார். இரண்டு நிமிஷம்தானே என்று போனேன். பேச்சு நீண்டுவிட்டது. கொல்லையில் 'டொப்' என்று சத்தம் கேட்டது. அதன்பின் கைதட்டல் கேட்கவில்லை. அலறல்தான் கேட்டது.

என் ரசமட்டத்தைத் தூக்கி டிரம்மில் போட்டிருக்கிறான். தெறித்த சுண்ணாம்பு வலது கன்னத்திலும் புருவத்திலும், கண்ணிலும்.

நான் போவதற்குள் அவள் அவனை மடியில் கிடத்தி, இமையை விரலால் பிரித்து, செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் எண்ணெயைத் தேடி ஓடினேன். "எண்ணெய் வேண்டாம், தண்ணி இறைங்க!" என்று கத்தினாள். அவள் பிறந்த ஊரில் சுண்ணாம்புக் காளவாய் உண்டு. அங்கே யார் கண்ணில் பட்டாலும் முதலில் தண்ணீர்தான் என்று பார்த்து வளர்ந்தவள். எத்தனை வாளி இறைத்தேன் என்று தெரியாது. பிள்ளை அழுது ஓயும்வரை ஊற்றினாள். ஓய்ந்த பிறகும் ஊற்றினாள்.

கண் டாக்டர் மேல் இமையைத் திருப்பி, ஒட்டியிருந்த ஒரு சின்னத் துணுக்கை எடுத்தார். "உடனே கழுவினதால தப்பிச்சுது. சுண்ணாம்பு உள்ளே இருக்கிற வரைக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும்" என்றார். என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் தட்டை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "சுவர் வெள்ளையா இல்லேன்னா பொங்கல் வராதா?"

அந்த வருஷம் வெள்ளையடிக்காத வீட்டில்தான் பொங்கல் பொங்கியது. டிரம்மைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். மீதி வேலைகளுக்கு ஆள் வைத்தேன். இரண்டு வருஷம் ஆயிற்று, பரவாயில்லை.

போன மாதம் சென்னையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரில் புத்தக அலமாரி மாட்டுகிறேன் என்று டிரில் மிஷினோடு நின்றான். பக்கத்தில் என் பேரன், இரண்டு வயசு, ஸ்குரூ டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அப்பனைப்போலவே சத்தத்தில் ஆசை. வாசல் மணி அடித்தது. "ரெண்டு நிமிஷம்ப்பா, கூரியர்" என்று மிஷினைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். புருவ ஓரத்தில் அந்தச் சின்னத் தழும்பு அவனுக்கு இன்னும் இருக்கிறது. எப்படி வந்தது என்று அவனுக்கு நினைவில்லை. நாங்களும் சொன்னதில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் திரும்பி வந்ததும், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சொல்லாத கதையை முதல்முறையாகச் சொன்னேன். கேட்டு முடித்தவன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு மிஷினை எடுத்து மேல் பரணில் வைத்தான்.

அலமாரி இன்னும் மாட்டவில்லை என்று நேற்று போனில் சொன்னான். மாட்டலாம், அவசரமில்லை என்றேன்.